முறைக்காரி வேலை

மத்தேயோ சோகோ இறந்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியும் என்னை யாரும் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் திசாவுகேயை அனுப்பினார்கள்.

அவள் சுகாதார நிலையத்தின் படியிலேயே நின்றாள். ஆறு வருடம் அந்தத் தரையைத் துடைத்தவள், இப்போது அதை மிதிக்காமல் பேசினாள்.

“கூப்பிடுறாங்க.”

“எதுக்கு?”

“எதுக்கா? முறைக்காரி வராம பெட்டிய எடுக்க மாட்டாங்க. பள்ளிக்கூட வாத்தியாரு இருந்தவரைக்கும் அவரு பார்த்துக்கிட்டாரு. இப்ப உன்னைய விட்டா யாரு இருக்கா?”

போன வாரம் வரை அவள் என்னை ‘சிஸ்டர், நீங்க’ என்றுதான் கூப்பிட்டாள்.

நான் பெம்பா இனம். இந்த ஊர், கம்சோலேக்காரர்கள், ங்கோனி இனம். ஏதோ ஒரு காலத்தில் எங்கள் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பிறகு சமாதானமாகி முறைக்காரர்கள் ஆனோம். அதனால் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போய்க் கேலி பேச வேண்டும். செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவரைப் போல நடந்து, அவரைப் போலப் பேசிக் காட்ட வேண்டும். சாவு வீட்டில் முறைக்காரர் எதைச் சொன்னாலும் யாரும் கோபப்படக் கூடாது. கை நீட்டவும் கூடாது. வாத்தியார் மாற்றலாகிப் போன பிறகு இந்த ஊரில் பெம்பா நான் ஒருத்திதான்.

பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“நான் வரலைன்னா?” என்றேன்.

“வரலைன்னா நீதான் கொன்னேன்னு ஆயிடும்.”

“வந்தா?”

“வந்தாலும் அப்படித்தான். ஆனா களி கிடைக்கும்.”

வெளியே மாட்டுவண்டி நின்றது. என் டிரங்குப் பெட்டியை நேற்று மாலையே லாக்சன் அதில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான். லாக்சன் இறந்தவரின் தம்பி, திசாவுகேயின் கணவன். அடக்கம் முடிந்ததும் வண்டி என்னைத் தார்ச்சாலையில் இறக்கிவிடும். சுகாதார நிலையத்தைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்து, அதை மாவட்ட அலுவலகத்திலேயே விட்டெறியச் சொல்லியிருந்தான். எனக்கு முன்னால் இங்கே நர்ஸ் இல்லாமல் இரண்டு வருடம் போயிருந்தது. எனக்குப் பின்னால் எத்தனை வருடமோ. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திசாவுகே முன்னால் நடந்தாள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. அவள் திரும்பாமலே பேசினாள்.

“காசு வாங்கின காலத்துல மருந்து இருந்துச்சு.”

நான் சேற்றிலிருந்து செருப்பை உருவிக்கொண்டு பின்னால் போனேன்.

“காசு இல்லாதவன் கோழி கொண்டாந்தான். கோழி இல்லாதவன் சோளம் கொண்டாந்தான். மருந்து இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு. பாதிப் பேரை நீங்க வாசல்லயே திருப்பி அனுப்பினீங்க. அதான் இருந்துச்சு.”

“அப்படி அனுப்பினவங்க யாரும் என் மேல பழி போடல.”

“வீட்டுல போய்ச் செத்தவங்க எப்படிப் பழி போடுவாங்க?”

அவள் நின்றாள். இந்த ஊரில் நான் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். முறைக்காரியை அடிக்கக் கூடாது என்பது சாவு வீட்டு முற்றத்தில்தான் செல்லும். பாதையில் செல்லாது.

அவள் அடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“அன்னைக்கு நீ அந்த ஊசி டப்பாவக் குப்பையில போட்டத நான் பார்த்தேன்.”

“தெரியும்.”

“உள்ள ஒண்ணுமில்ல. அலமாரியிலயும் ஒண்ணுமில்ல. அந்த அலமாரிய ஆறு வருசம் துடைச்சவ நான், எனக்குத் தெரியாதா? என் பிள்ளைக்குப் போட்டதுதான் கடைசி.”

“ஆமா.”

“எவன் கேட்டாலும் அவ பேரு உன் வாயில வரக் கூடாது. பெரியப்பாவ முழுங்கின பிள்ளைன்னு ஊரு பேசும். ஏழு வயசு அவளுக்கு. நாளைக்கு யாரு பக்கத்துல உட்காருவா? யாரு கட்டுவா?”

“நான் இதுவரைக்கும் சொல்லல.”

“சொன்னா நாக்க அறுத்துடுவேன்.”

“முறைக்காரி நாக்க அறுக்கக் கூடாது.”

கம்சோலேயில் நான் சொன்ன முதல் நகைச்சுவை அது. அவள் சிரிக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மருந்தறையில் அலமாரிக்கு முன்னால் சோகோவும் நானும் நின்றது அவளுக்குத் தெரியாது. அவர் பின்வாசல் வழியாக வந்திருந்தார். அப்போது அவள் அடுத்த அறையில் பிள்ளையின் கைகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோகோ என்னிடம் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். நானும் சொல்லவில்லை. பேசாமலிருப்பது எனக்குச் சிரமமான வேலையே இல்லை.

என் வேலையே கடன் தள்ளுபடியில் கிடைத்ததுதான். படிப்பை முடித்துவிட்டு மூன்று வருடம் ந்டோலா பேருந்து நிலையத்தில் அம்மாவோடு சேர்ந்து பணியாரம் சுட்டு விற்றேன். நாட்டின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அரசு சம்பளச் செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை. அதனால் ஆள் எடுக்கவில்லை. நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரியும் வேலை இல்லாத நர்சும் ஒரே தெருவில் இருந்தோம். என்னிடம் பணியாரம் வாங்கித் தின்றுவிட்டு அந்த ஆஸ்பத்திரி வரிசைக்குப் போனவர்கள் நிறைய.

பிறகு தள்ளுபடி வந்தது. ஆள் எடுத்தார்கள். என்னைக் கிழக்கு மாகாணத்துக்கு, கம்சோலேக்கு அனுப்பினார்கள். நான் வந்து இரண்டு மாதத்தில், ஏப்ரலில், சாம்பியா முழுக்கக் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் கட்டணம் இல்லை என்று ரேடியோ சொன்னது.

அன்று சோகோ ஊரைக் கூட்டினார். அவர் சுகாதாரக் கமிட்டிச் சேர்மன். பழுப்பு நிறக் கோட்டு, கக்கத்தில் சைக்கிள் பம்பு. பம்பை விட்டுவிட்டு வந்தால் யாராவது காற்றடித்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் எங்கே போனாலும் அதோடுதான் போவார். “நான் சுருக்கமாப் பேசறேன்” என்று ஆரம்பித்து, நிழல் சர்ச்சின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை பேசினார். நம் கடன் போய்விட்டது என்றார். இனி எவனும் ஆஸ்பத்திரிக்குக் கோழியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். நானும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு குலவையிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. திசாவுகேயின் சம்பளம் அந்தக் கட்டணத்திலிருந்துதான் வந்தது. கட்டணம் போனால் சம்பளமும் போகும். அதை அவளிடம் தனியாகச் சொல்லாமல் கூட்டத்தில் சொன்னார். “என் தம்பி பொண்டாட்டி வேலை இன்னையோட போச்சு. அதுக்காக நான் ஒரு வார்த்தை பேசினேனா? பாருங்க. கமிட்டி ஆளுன்னா இப்படித்தான் இருக்கணும். வரிசையிலயும் முந்த மாட்டோம். நானே கடைசியிலதான் நிப்பேன்.” ஊர் கைதட்டியது. லாக்சன் எழுந்து போனான். அன்றிலிருந்து அவன் அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் வீட்டு உப்பைக்கூட அவன் வீட்டில் வாங்கவில்லை. திசாவுகே ஒரு முறை அண்ணியிடம் கடன் வாங்கி வந்த எண்ணெயைத் தெருவில் கொட்டினான்.

கட்டணம் இருந்தபோது நாளுக்கு நாற்பது பேர் வருவார்கள். ஜூனில் நூறு பேர் வந்தார்கள். மழை தொடங்கிய பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு நாள் நடை தூரத்திலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊசியையே பார்க்காத பிள்ளைகள். மாவட்டத்திலிருந்து வரும் மருந்துப் பெட்டி மட்டும் அதே அளவில் இருந்தது. ஒரு மாதத்துக்கு என்று வருவது பன்னிரண்டு நாளில் தீர்ந்தது. முன்பெல்லாம் மருந்து வண்டி தாமதமானால் சோகோ கட்டணப் பணத்தில் ஒரு பிக்கப்பை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய் மருந்தை ஏற்றி வருவார். இப்போது வாடகைக்குப் பணம் இல்லை. கட்டணத்துக்கு ஈடாகப் பணம் வரும் என்றார்கள். ஒரு முறை வந்தது.

இதையெல்லாம் ஊரில் யாரும் கேட்கவில்லை. காசு வாங்கியபோது மருந்து இருந்தது, இலவசம் ஆனதும் இல்லை, நடுவில் ஒரு பெம்பாக்காரி வந்திருக்கிறாள். கணக்கு அவர்களுக்குச் சரியாக இருந்தது. மருந்தை எல்லை தாண்டி விற்கிறாள் என்றார்கள். தண்ணீர்க் குழாயில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் குடத்தை நிரப்பிவிட்டு, நான் குடத்தை வைப்பதற்குள் குழாயை இறுக மூடிவிட்டுப் போவார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. ஊசி போட்டேன், பிரசவம் பார்த்தேன், பிடிக்காமலே.

சாவு வீட்டு முற்றத்தில் ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். 

“வந்துட்டாடா குரங்கு தின்னி,” என்றார் ஒரு பெரியவர். அது முறைப்படி சொல்வது. பெம்பாக்காரர்களை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் முறைப்படி பதில் சொல்ல வேண்டும்.

“எலி தின்னிங்க எல்லாரும் சௌக்கியமா?” என்றேன். குரல் பாதியில் கீச்சிட்டது.

இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். லாக்சன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

லாக்சன் எழுந்தான். அண்ணனைவிட ஒரு சாண் உயரம். தூங்காத கண்கள்.

“கேலி அப்புறம். முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் கேளுங்க. திங்கக்கிழமை என் பிள்ளைக்கு மலேரியா முத்தி ஜன்னி வந்து இழுத்துச்சு. நான் ஊருல இல்ல, சோளம் விக்கப் போயிருந்தேன். என் பொண்டாட்டி தூக்கிட்டு ஓடினா. இவ ஊசி போட்டா. பிள்ளை பொழைச்சுக்கிச்சு. அதுல நான் குறை சொல்லல.”

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நெருப்பைப் பார்த்துச் சொன்னான்.

“அப்ப மருந்து இருந்துச்சு. சரியா? அதே திங்கக்கிழமை என் அண்ணன் அதே காய்ச்சலோட போனான். தன் கால்ல நடந்து போனான். மருந்து தீர்ந்துடுச்சுன்னு திரும்பி வந்தான். நடுவுல எங்க போச்சு? வெள்ளிக்கிழமை வண்டியில போட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறோம், ஆத்துல தண்ணி. தண்ணி வடியட்டும்னு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். விடியறப்ப முடிஞ்சு போச்சு.” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “என் பிள்ளைக்கு அப்புறம் கடைசி மருந்து யாருக்குப் போச்சு? எவ்வளவுக்குப் போச்சு? அதை இவ சொல்லட்டும். சொல்லிட்டு வண்டியில ஏறட்டும்.”

“சொல்லும்மா,” என்றார் பெரியவர். “வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“வித்திருப்பா,” என்றான் ஒருவன்.

“வித்த காசு அந்த டிரங்குப் பெட்டியில இருக்கும். திறந்து பாருங்க.”

“அதுல அவ பாவாடைதான் இருக்கு. நான் நேத்தே பார்த்துட்டேன்.”

சிலர் சிரித்தார்கள். திசாவுகே வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் இடுப்பை ஒட்டி மகள் அலினஃபே நின்றாள். பிள்ளை இளைத்துப் போயிருந்தாள். கையில் பாதி கடித்த மாம்பழம். திசாவுகேயின் கை பிள்ளையின் தலைமேல் இருந்தது. அவள் என் வாயையே பார்த்தாள்.

பெயரைச் சொன்னால் நான் தப்பிப்பேன். வண்டியிலிருந்து என் பெட்டி இறங்கும். பழி அந்தப் பிள்ளை மேல் ஏறும்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“கேட்டீங்களா?” என்றான் லாக்சன். “சொல்ல மாட்டாளாம்.”

முற்றத்தில் ஆண்கள் எழுந்தார்கள். யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து வண்டிப் பக்கம் தள்ளினார்கள். அப்போது உள்ளே அழுகை நின்றது. சோகோவின் மனைவி ஸெலிபா வெளியே வந்தாள். தலையில் துணி அவிழ்ந்திருந்தது. கையில் பழுப்புக் கோட்டும் சைக்கிள் பம்பும்.

“கைய எடுங்கடா. அவரு பெட்டி இன்னும் வீட்டுக்குள்ள இருக்கு. அது வெளிய போற வரைக்கும் இவ முறைக்காரி.”

“அண்ணி, இவதான்…”

“இவ கொன்னாளா இல்லையாங்கறத அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இவ வேலையச் செய்யட்டும்.” கோட்டை என் முன்னால் நீட்டினாள். “போடு. அவரு நடையக் காட்டு. அழுது அழுது எனக்குத் தொண்ட வறண்டு போச்சு. என்னையக் கொஞ்சம் சிரிக்க வை. முடியலைன்னா அந்த வண்டியில நீயே ஏறிப் போயிடு.”

கோட்டு கனமாக இருந்தது. என் விரல்கள் அதன் கைக்குள்ளேயே நின்றுவிட்டன. புகையிலையும் மழையில் நனைந்த கம்பளியும் மணந்தன. பையில் ஏதோ உருண்டது. சைக்கிள் வால்வு. பம்பைக் கக்கத்தில் வைத்தேன். அது நழுவி விழுந்தது. மறுபடியும் வைத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் நடக்கும்போது இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் போகும். முழங்காலில் பழைய அடி. அதை நான் பத்து மாதமாகப் பார்த்திருக்கிறேன். பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நேரம் அதிகம். முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து இடது காலை வெளியே போட்டுப் போட்டு நடந்தேன். நடுவில் நின்றேன். அவர் தொண்டையை மூன்று முறை செருமுவார், மூன்றாவது முறை மற்ற இரண்டையும்விடச் சத்தமாக. செருமினேன்.

“நான் சுருக்கமாப் பேசறேன்.”

ஒரு கிழவர் வெடித்துச் சிரித்தார். அதற்குப் பிறகு வரிசையாக எல்லோரும். வாசலிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸெலிபா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அது கனமாக, மூக்கால், அவசரமே இல்லாமல் வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

“எல்லாரும் உட்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டா விசயம் கால் வழியா இறங்கிடும். நம்ம நாட்டுக் கடன் போச்சு. யாரு கட்டினா? யாரும் கட்டல. அதான் விசேசம்.”

“சேர்மன்,” என்று ஒருவன் கையைத் தூக்கினான், “என் கடனும் போச்சா? கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“உன் கடன் எங்க வாங்கினது?”

“கடையிலதான்.”

“தப்பு பண்ணிட்ட. கண்ணுக்கு எட்டாத ஊருல வாங்கியிருந்தா போயிருக்கும். பக்கத்துக் கடையில வாங்கினத எவன்டா தள்ளுபடி பண்ணுவான்?”

கடைக்காரரே சிரித்தார். பெரியவர் தொடையில் அடித்துக்கொண்டார். “அப்படியே அவன்தான். அப்படியே பேசுறா பாரு.”

“என் சைக்கிளு யாருக்கும் கிடையாது,” என்றேன். “நான் செத்தாலும் கிடையாது. பம்பு என்கூடவே வருது.”

அதற்கு எழுந்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. அது அடங்கும்போது லாக்சன் என் முன்னால் வந்து நின்றான். அவன் மட்டும் இன்னும் சிரித்திருக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டின் முதல் பொத்தானைப் பார்த்தான்.

“அண்ணே,” என்றான்.

எட்டு மாதத்தில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதை யாரும் கேட்டதில்லை. அவன் என்னை மடக்குவதற்காகத்தான் அப்படித் தொடங்கினான். ஆனால் சொன்ன பிறகு அவனால் அதை ஒரு முறையோடு நிறுத்த முடியவில்லை.

“அண்ணே, நீயே சொல்லு. திங்கக்கிழமை போனியே. உன் மருந்து எங்க போச்சு?”

வாசலில் திசாவுகே பிள்ளையைத் தன் பின்னால் தள்ளினாள். மாம்பழம் கீழே விழுந்தது.

நான் கோட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னால் அது நர்சின் சாக்கு. தப்பிப்பதற்காகச் செத்தவர் மேல் போடுகிறாள் என்பார்கள். பிள்ளையின் பெயர் மட்டும் ஊரில் நிற்கும். பேசாமல் இருந்தால் வண்டி. சோகோ சொல்லாதே என்றார். அது உயிரோடு இருந்த சோகோ, வியாழக்கிழமை மருந்து வண்டி வந்துவிடும் என்று நம்பிய சோகோ. வண்டி வரவில்லை. இப்போது கேள்வி கேட்டது தம்பி. கேட்டது என்னிடமும் இல்லை.

பம்பைக் கக்கத்தில் இறுக்கினேன். மூன்று முறை செருமினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“நான் சுருக்கமாப் பேசறேன். பின்வாசல் வழியாப் போனேன். சேர்மனுக்குக் காய்ச்சல்னு நாலு பேரு பார்க்கக் கூடாதில்ல. நர்ஸ் பொண்ணு அலமாரியத் திறந்து காட்டுச்சு. ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு. பிரிச்சுப் போட்டா ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னுச்சு. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை கைகால வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. நர்ஸ் அதைப் பார்த்துச்சு, என்னையப் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு என்ன முடிவு பண்றது, சேர்மன் நானிருக்கேன். ஊருக்கு முன்னால கடைசியில நிப்பேன்னு சொன்னவன். வியாழக்கிழமை மருந்து வண்டி வர்ற வரைக்கும் தாங்க மாட்டேனா? என் உடம்பு என்ன உடம்பு! போடுன்னேன்.”

லாக்சனின் வாய் திறந்திருந்தது. நான் அவன் தோளில் கை வைத்தேன். கோட்டின் கை நுனி அவன் மார்பில் தொங்கியது.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் நர்ஸ்கிட்ட சத்தியம் வாங்கினேன். உனக்குத் தெரிஞ்சா அண்ணனுக்குக் கடன்பட்டுட்டோம்னு ஆயிடும். அந்த எண்ணெயக் கொட்டின மாதிரி, பிள்ளை உடம்புலேர்ந்து மருந்தப் பிழிஞ்சு எடுத்து என் வாசல்ல கொட்டிட்டுப் போயிடுவ. உன்னைய எனக்குத் தெரியாதாடா? கடைசி மருந்த உன் பொண்ணுக்குப் போடச் சொன்னது நான்தான், தம்பி.”